வெந்நீர்க் காவடி

இருபத்தாறு மணி நேரமாக அங்கம்மாள் உட்காரவில்லை. குனிந்திருந்தார், மண்டியிட்டிருந்தார். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்குப் போகும் சாலையில், சத்திரப்பட்டிக்குச் சற்று முன்னால், புளிய மரங்களின் கீழ் கல்லூரி மாணவர்கள் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். குழுவின் பெயர் ‘வழித்துணை’. பாதயாத்திரையாக வருகிறவர்களை உட்கார வைத்து, காலை வெந்நீரில் கழுவி, கொப்புளத்துக்கு மருந்து போட்டு, துணி சுற்றி அனுப்புவது அவர்கள் செய்த தொண்டு.

அங்கம்மாள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய தாயார் நூற்பாலையில் இரவுப் பணி செய்தவர். விடிந்து வீடு திரும்பும் தாயாரின் வீங்கிய பாதங்களை வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கழுவிய பிறகுதான் சிறுமி அங்கம்மாள் பள்ளிக்குப் புறப்படுவார். வீட்டில் சாமி படம் ஒன்றே ஒன்று இருந்தது, பழைய நாள்காட்டியில் வந்த முருகன். அந்தப் படத்துக்குப் பூ வாங்க வழியில்லாத நாள்கள் உண்டு. தாயாரின் கால் கழுவாத நாள் கிடையாது. அதையே பூசையாக அவர் பழகிவிட்டார்.

பந்தலிலும் அப்படித்தான். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் கூச்சம். எல்லாரும் அவருக்குச் ‘சாமி’. ஒரு காலைக் கையில் ஏந்தும்போது உதட்டுக்குள் ‘முருகா’ என்பார். அடுத்த காலுக்கு இன்னொரு ‘முருகா’. விரல் இடுக்குகளில் ஒட்டிய தாரையும் மணலையும் நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியால் ஊற வைத்து எடுப்பார். நேரம் ஆகத்தான் செய்யும்.

நேரம் ஆவது குழுத் தலைவி சாருமதிக்குப் பிடிக்கவில்லை.

சாருமதி வேதியியல் மூன்றாம் ஆண்டு. சென்ற ஆண்டு ஒரு வேனில் அடங்கிய குழு, அவள் தலைமையில் இந்த ஆண்டு இரண்டு பேருந்துகளில் வந்திறங்கியது. தூங்கி வழிகிறவர்களையும் எழுப்பி ஓட வைக்கிற குரல் அவளுக்கு. பந்தல் தூணில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தாள். ஒருவருடைய இரண்டு கால்களையும் கழுவி முடித்தால், கழுவியவர் பெயருக்கு எதிரே ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பெண்கள் தங்கள் பைகளிலிருந்து பொட்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். போட்டி என்றதும் மாணவர்கள் பறந்தார்கள். கைக்குப் பாதுகாப்பாகவும் வேலைக்கு வேகமாகவும் இருக்கும் என்று தடித்த ரப்பர் கையுறைகளையும் அவளே வரவழைத்திருந்தாள்.

அங்கம்மாள் கையுறை போடவில்லை. பலகையில் அவருடைய வரிசை வெறிச்சென்று கிடந்தது.

“என்ன அங்கம்மா, கால் ரேகை பாத்து சோசியம் சொல்றியா?” என்றான் மணிபாரதி. பக்கத்து டப்பில் கழுவிக்கொண்டிருந்தவன். பலகையில் முதலிடம் அவனுக்கு. “விரல் விரலா ஆதார் எடுக்கிற மாதிரில்ல இருக்கு!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கம்மாளும் சிரித்துக்கொண்டார். கையில் இருந்த கால் ஒரு மூதாட்டியுடையது. குதிகாலில் வெடிப்பு. அதைத் துடைத்து முடித்துவிட்டே அடுத்தவரை அழைத்தார்.

சாருமதி வந்து அவர் அருகில் குந்தினாள்.

“அங்கு, கோவிச்சுக்காத. வரிசை ரோட்டு வரைக்கும் நிக்குது. நீ அண்டாப் பக்கம் போயிரு. தண்ணி காய வச்சு, பதமா கலந்து, எல்லாருக்கும் குடுத்துக்கிட்டே இரு. சரியா?”

“சரிக்கா.”

கால் தொடும் வேலை போயிற்று. விறகு தள்ளி, புகையில் நின்று, வாளி சுமக்கும் வேலை வந்தது. அங்கம்மாள் ஒரு கணம் தம் ஈரக் கைகளைப் பார்த்தார். பிறகு, எல்லாச் சாமிகளின் காலுக்கும் போகிற தண்ணீர் இனி என் கை வழியாகத்தானே போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். மனம் லேசாகிவிட்டது.

சாருமதிமேல் அவருக்குக் கோபம் வரவே வராது. அதற்குக் காரணம் உண்டு. விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், ஒருவரிடமும் பேசத் தெரியாமல் உணவுக்கூடத்தின் கடைசி மேசையில் அவர் தனியாகச் சாப்பிடுவார். ஒரு நாள் சாருமதி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து இவர் தட்டில் வைத்தாள். மறுநாளும் வந்தாள். பதினைந்து நாள் கழித்து அங்கம்மாள் தாமாகவே பேசினார். அப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஒருத்தி, பலகையும் பொட்டுமாக மாறியது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என்றாலும் அந்தப் பாதி அப்பளத்தை அவர் மறக்கவில்லை.

அண்டாவில் கொதிக்கும் நீரைப் பீப்பாயில் ஊற்றி, குளிர்ந்த நீர் கலந்து, முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே வாளியில் மொண்டு கொடுப்பார். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது, சூடு பட்டால் தெரியாது என்று பயிற்சி நாளில் செவிலியர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். எல்லாரும் கேட்டார்கள். வரிசை நீண்டபோது சிலருக்கு மறந்துபோயிற்று.

பகல் உச்சிக்கு வரும் நேரத்தில் பச்சை வேட்டிக்காரர்களின் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றின் காவடிக் குழு. முன்னால் வெண்தாடியோடு குருசாமி. பந்தலில் இடம் போதவில்லை. பீப்பாய் காலியானது. குளிர்ந்த நீரும் தீர்ந்திருந்ததால், அங்கம்மாள் அண்டாவை மூடிவிட்டு, எதிர்ப்புறம் நின்ற லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடினார்.

திரும்பும்போது முதலில் கண்ணில் பட்டது அண்டாவின் மூடி. அது தரையில் கிடந்தது.

சாருமதி ஒரு பெரியவருக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையுறை போட்ட கையால் வாளியைச் சரித்து டப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியவர் மடியில் சர்க்கரைக் காவடியை வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் டப்புக்குள் விட்டபடி சிரித்த முகமாக இருந்தார்.

“இதமா இருக்கு தாயி,” என்றார். “எங்க வீட்டு வெந்நி மாதிரியே இருக்கு.”

அவருடைய பாதங்கள் வெளுத்திருந்தன.

அங்கம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கூவ நேரமில்லை. வலக்கையை முழங்கை வரை டப்புக்குள் விட்டு, பெரியவரின் இரண்டு பாதங்களையும் அடியிலிருந்து ஏந்தி வெளியே எடுத்தார். இடக்கையால் டப்பைத் தள்ளிக் கவிழ்த்தார். புல் மேல் ஆவி எழுந்தது.

“என்னாச்சு தாயி?” என்றார் பெரியவர், ஒன்றும் புரியாமல். அப்போது அவருடைய குதிகாலில் தோல் வெங்காயச் சருகுபோல நழுவியது.

உடைந்த குடத்தில் எஞ்சியிருந்த நீரை அங்கம்மாள் அந்தக் கால்கள் மேல் ஊற்றினார். “லாரித் தண்ணி! ஓடுங்க!” என்று கத்தினார். அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. மணிபாரதி ஓடினான். மாற்றி மாற்றிக் குளிர்ந்த நீர் ஊற்றினார்கள். செவிலியர் வந்தார். அங்கம்மாளின் வலக்கை முழங்கை வரை சிவந்து தடித்திருந்ததை அவர்தான் பார்த்து, அதற்கும் மருந்து போட்டுத் துணி சுற்றினார்.

சாருமதி எழுந்து நின்றிருந்தாள். கையுறைகளைக் கழற்றி, அவற்றை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் தான் இரண்டு சொம்பு எடுத்துக் கலந்ததாகவும் அது போதும் என்று நினைத்ததாகவும் அவளுடைய முகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை.

குருசாமி பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

“கொதிதண்ணிய ஊத்துனது யாரு?”

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுற்றிலும் ஈரமும் சேறும். அந்த நெரிசலில் அவரவர் டப்பைத்தான் அவரவர் பார்த்திருந்தார்கள். பெரியவருக்கோ எல்லாப் பெண்களும் ‘தாயி’தான், ஊற்றியவளின் முகத்தை அவர் கவனித்து வைக்கவில்லை.

“தண்ணி அங்கம்மா பொறுப்புங்க சாமி,” என்றான் மணிபாரதி. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கம்மாள் சாருமதியைப் பார்த்தார். சாருமதியின் கண்கள் ஒரு கணம் இவர் கண்களைத் தொட்டுவிட்டு, கீழே விழுந்தன. அந்தக் கணத்தில் அங்கம்மாளுக்கு உணவுக்கூடத்தின் கடைசி மேசைதான் தெரிந்தது.

“தண்ணிக்குப் பொறுப்பு நான்தாங்க சாமி,” என்றார்.

அதில் பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சேர்க்கவில்லை.

“காலேசுல இதான் சொல்லிக் குடுக்குறாகளா?” என்று கூட்டத்தில் ஒரு பெண் சீறினாள். “தைப்பூசமும் அதுவுமா ஒரு மனுசன அவிச்சுப்புட்டாகளே!” இன்னொருவர் பந்தல் கயிற்றில் கை வைத்தார். குருசாமி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவர் ஏற மறுத்தார். காலில் வலியே இல்லாத அந்த மனிதர் அப்போதுதான் அழத் தொடங்கினார். “மூணு வருச வேண்டுதல் சாமி. இது கடேசி வருசம். பேரனுக்கு நாலு வயசாச்சு, அம்மான்னு ஒரு வார்த்த வரல. காவடி மலையேறாம நான் வண்டி ஏற மாட்டேன்.”

“காவடி ஏறும்,” என்றார் குருசாமி. பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். “எங்க கூட்டத்துல ஒரு கட்டு இருக்கு. வழியில ஒருத்தரு நோவுல விழுந்தா, சொந்தக்காரங்க காவடி எடுக்கலாம். அடுத்தவங்க தப்பால விழுந்தா, தப்பு செஞ்சவங்கதான் எடுக்கணும். அடிவாரத்துல பாத விநாயகர் முன்னாடி நான் கேப்பேன். அவங்க தன் தப்ப தன் வாயால சொல்லணும். சொல்லிட்டு ஏறுனா வேண்டுதல் சேரும். வேற யாரு தூக்கினாலும் அது வெறும் மூங்கிக்கட்டை.”

மயிற்பீலி கட்டிய அந்தக் காவடியை எடுத்து வந்து, அங்கம்மாளின் இடத்தோளில் வைத்தார்.

அங்கம்மாள் திடுக்கிட்டுப் போனார். தோழியை மறைத்துப் பேசிய ஒரு வாக்கியம், ஒரு குழந்தையின் பேச்சை அல்லவா தடுத்து நிற்கிறது! நான் இல்லை என்று இப்போது சொல்லலாம். சொன்னால் அது சாருமதிமேல் சாட்டும் குற்றமாகும். அவள் இல்லையென்று மறுத்துவிட்டால்? காவடிக் குழு கேட்பது குற்றச்சாட்டை அல்லவே. தவறியவரின் சொந்த வாய்ச்சொல்லை. அதை அங்கம்மாள் கொடுக்க முடியாது. சாருமதி மட்டுமே கொடுக்க முடியும்.

முருகா, பொறுப்பு என்னுடையது, அதைச் சுமக்கிறேன், சொல் அவளுடையது, அதை நீ வாங்கிக்கொள் என்று மனத்துக்குள் முறையிட்டார்.

புறப்படும்போது அங்கம்மாள் சாருமதியின் அருகில் நின்றார். காவடி அசைந்து பீலிகள் சாருமதியின் கன்னத்தில் பட்டன.

“அக்கா, கிளவுஸக் கழட்டிட்டுக் கழுவச் சொல்லுங்க,” என்றார் மெதுவாக. “பின்னால இன்னும் நெறைய சாமிங்க வர்றாங்க.”

வெயில் ஏறியது. அங்கம்மாள் தை பிறந்ததிலிருந்து செருப்புப் போடுவதில்லை, ஒருவேளைதான் உணவு. அதை யாரிடமும் சொன்னதுமில்லை. தார்ச்சாலை சுட்டது. வலக்கை உள்ளுக்குள் எரிந்தது. இடத்தோள் மரத்துப்போனது. காவடியைத் தோள் மாற்ற முடியவில்லை, இளைப்பாறும்போது தரையில் வைக்கவும் கூடாது. மடியில் ஏந்திக்கொண்டு குந்த வேண்டும்.

காவடிக் குழுவினர் அவரோடு பேசவில்லை. அவர் காதுபடப் பேசினார்கள்.

“பாவமூஞ்சியா இருக்கு. செஞ்ச வேலையப் பாரு.”

“விடு ஆத்தா, அதான் தூக்குதுல்ல.”

“தூக்குனாப்ல? அந்த மனுசன் காலு வருமா?”

அங்கம்மாள் ஒவ்வொரு அடிக்கும் ‘முருகா’ என்றார். கால் கழுவும்போது சொன்ன அதே சொல், அதே மெல்லிய குரல்.

வழியில் குருசாமியின் கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து பெரியவர். குருசாமி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“காலுக்கு ஆபத்தில்லையாம். தோலு வளர நாளாகுமாம். காவடி எங்க வருது சாமி?”

“ஆயக்குடி தாண்டப்போறோம்.”

“அந்தப் புள்ள எடுத்துட்டு வருதா? குடுங்க.” கைப்பேசி அங்கம்மாளின் காதருகே வந்தது. “தாயி, தோளு வலிக்குதா? நீயாத்தா ஊத்துன? இருக்கட்டும், இருக்கட்டும். தெரிஞ்சா ஊத்துன? என் பேரன மனசுல நெனச்சுக்கிட்டு நட.”

அங்கம்மாள் காவடியை இறுகப் பற்றிக்கொண்டார். வைதிருந்தால் தாங்கியிருப்பார். “கண்டிப்பா நெனைக்கிறேன் சாமி,” என்று மட்டும் சொன்னார். நீயா ஊத்துன என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டார். பேச்சுக்காக எடுத்த காவடி, பேச முடியாதவர் தோளில் போய்க்கொண்டிருந்தது.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மணிபாரதி. பின்னாலிருந்து சாருமதி இறங்கினாள். கையில் களிம்பும் குளிர்ந்த நீர்ப் புட்டியும். மணிபாரதியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அங்கம்மாளின் கூடவே நடந்தாள்.

“அங்கு, கையக் காட்டு.”

“அப்புறம் காட்டுறேன்கா.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

சாருமதி குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொல்லலாம்னுதான் நெனச்சேன். தலைவியே ஊத்திட்டான்னு தெரிஞ்சா பந்தலப் பிரிச்சிருவாங்க. என்னை நம்பித்தான் காலேஜ்ல விட்டாங்க. அத்தனை பேரு வந்திருக்காங்க. அடுத்த வருசம் குழுவே இருக்காது. உனக்குப் புரியுதுல்ல?”

“புரியுதுக்கா.”

“நீ சொல்லிருவியா?”

“நான் சொல்ல மாட்டேன்.” அங்கம்மாள் நின்றார். சாருமதியின் முகத்தை நேராகப் பார்த்தார். “ஆனா அடிவாரத்துல அவரு கேக்கும்போது நான்தான்னு சொல்லவும் மாட்டேன். சாமி முன்னாடி எப்படிக்கா பொய் சொல்றது? நான் ஊத்தலன்னு சொன்னாலும், ஊத்துனேன்னு சொன்னாலும் அந்தப் புள்ளைக்குப் பேச்சு வராது. ஊத்துனவங்க வாயால வரணும். அதான் அவங்க கட்டு.”

“அப்ப என்ன பண்ணப்போற?”

“சும்மா நிப்பேன்.”

“அடிச்சுருவாங்கடி!”

“நீங்க வருவீங்கல்ல,” என்றார் அங்கம்மாள்.

அது கேள்வியாக இல்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார். சாருமதி களிம்பை அங்கம்மாளின் தோள்பையில் போட்டாள். திரும்பி வேகமாக நடந்து வண்டியில் ஏறினாள். வண்டி பழனிப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது.

அங்கம்மாள் அதைப் பார்த்தார். காவடியைச் சரி செய்துகொண்டு நடந்தார்.

அடிவாரத்தை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாத விநாயகர் கோயில் முன்னால் கடல்போலக் கூட்டம். அரோகரா ஒலி ஓயவில்லை. பச்சை வேட்டிக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வட்டம் கட்டினார்கள். நடுவில் காவடியோடு அங்கம்மாள். எதிரே குருசாமி. ஒருவர் உடுக்கையை எடுத்தார்.

கைப்பேசி மீண்டும் ஒலித்தது. குருசாமி அதை எடுத்து இயக்கி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். மருத்துவமனைக் கட்டிலில் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பின்னணியில் ஒரு பெண் குரலும் இருந்தது. மகள் குழந்தையோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

“யாரு தப்புக்கு வந்த காவடி இது?” என்றார் குருசாமி.

அங்கம்மாள் பேசவில்லை.

“யாரு தப்புக்கு வந்த காவடி?”

உடுக்கை வேகம் பிடித்தது. வட்டத்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. “வாயத் திறயேன் புள்ள!” “சொல்லிட்டா ஏறிரலாம்ல!” “பொழுது போகுது!” ஒருவர் பின்னாலிருந்து அவர் முதுகைத் தள்ளினார். காவடி ஆடியது. அங்கம்மாள் வெந்த கையாலேயே அதைப் பிடித்து நிறுத்தினார். வலியில் கண் இருண்டது. முருகா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மனம் மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது: அவள் வருவாள்.

மூன்றாம் முறை கேட்க வாயெடுத்த குருசாமியின் உடல் குலுங்கியது. கண்கள் மேலே செருகின. கூட்டம் ஒரு அடி பின்வாங்கிக் கைகூப்பியது. அருள் வந்துவிட்டது.

அவர் முன்னால் வந்து அங்கம்மாளின் வலக்கையைப் பற்றினார். சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து, அங்கே கோடு கிழித்ததுபோல் ஒரே மட்டமாக நின்றிருந்தது. கையுறை போடாத அந்தக் கைக்கு வெந்நீரே ஒரு கையுறை போட்டிருந்தது. ஊற்றும்போது சிதறிய புண் அப்படி இருக்காது. உள்ளே விட்டு எடுத்த கைதான் அப்படி இருக்கும். அதைப் பார்த்தவை குருசாமியின் கண்களா, குருசாமிக்குள் இருந்தவனின் கண்களா என்று அடியார்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

உடுக்கை நின்றது.

“நேத்துலேருந்து என் காலத்தானடி கழுவிக்கிட்டு இருந்த,” என்றது குரல். குருசாமியின் குரல்தான். ஆனால் அதில் கண்டிப்பு இல்லை. ஒரு சிறுவனின் செல்லம் இருந்தது. “பேரு கேக்காம, ஊரு கேக்காம கழுவுனியே. வெந்ததும் என் காலுதான். எடுத்தது உன் கை.”

விபூதியை அள்ளி அந்தக் கையின் புண் படாத மேற்புறத்தில் பூசினார். அங்கம்மாளின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

குரல் கூட்டத்தை நோக்கித் திரும்பியது.

“எடுத்த கை இங்க இருக்கு. ஊத்துன கை எங்க?”

வட்டத்துக்கு வெளியே ஏதோ சலசலப்பு. யாரோ வழி கேட்டார்கள். பச்சை வேட்டிகள் விலகின.

முதலில் மணிபாரதி தெரிந்தான். அவனுக்குப் பின்னால் வழித்துணைக் குழுவின் மாணவர்கள் சிலர். யார் கையிலும் கையுறை இல்லை. மற்றவர்கள் பந்தலில் கழுவிக்கொண்டிருந்தார்கள் என்றும், பலகையிலிருந்த பொட்டுகளை எல்லாம் சாருமதி தன் கையாலேயே உரித்துப் போட்டுவிட்டு வந்தாள் என்றும் பின்னால் தெரிந்தது. அவர்களைத் தாண்டிக்கொண்டு வந்தாள் அவள். காலில் செருப்பில்லை. புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தும் ஓடியும் வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

அங்கம்மாள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வருவாய் என்று தெரியும் என்பதுபோல.

பட்டம் இல்லை, பலகையில் பெயர் இல்லை, பேசும் துணிவும் இல்லை. கால் கழுவிய கையாலேயே ஒரு தோழியின் மனத்தையும் கழுவி, அவள் தானே வந்து நிற்கும்வரை காத்து நின்ற அங்கம்மாளின் அன்பு என்றும் வாழும்.

அந்தக் கூட்டம் கேட்க, தன் குழு கேட்க, கைப்பேசியின் மறுமுனையில் ஒரு தாத்தாவும் பேசாத ஒரு குழந்தையும் கேட்க, சாருமதியார் காவடிக்குத் தம் தோளை நீட்டிச் சொன்னார்:

“ஊத்துனது நான்.”